வேலிக்கு வெளியே தங்கிவிட்ட பூனை

ஓய்வு பெற்ற அன்று பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு டீ பார்ட்டி வைத்தார்கள். ஒரு காலத்தில் என்னிடம் படித்துவிட்டு, பிறகு என் துறைக்கே தலைவனாக வந்தவன் மைக்கைப் பிடித்தான். "மேடத்துக்கு மூணு பைத்தியம். லென்சு, துப்பறியும் நாவல், பூனை. இந்த மூணுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னிக்கு வரைக்கும் நம்ம டிபார்ட்மென்ட்டுல யாருக்கும் புரியல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே நிற்கும். ஆய்வுக்கூடத்தில் என்னோடு குப்பை கொட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எழுந்து பதில் சொல்லலாமா என்று பார்த்தேன். இந்த மூன்றும் ஒரு சாயங்காலம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன, அன்றைக்கு என் அப்பாவைக் கப்பலேற்றி அனுப்பிவிடப் பார்த்தார்கள் என்று கேக் வெட்டுகிற இடத்தில் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு கேக்கைத் தின்றேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், புலாவ் செபாங் என்கிற ஊர்ப் பக்கம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரச் சர்க்கார் சண்டை போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. நான் ஒரே பிள்ளை, தம்பின் டவுனில் இங்கிலீஷ் பள்ளியில் கடைசி வகுப்பு. தோட்டத்தில் இங்கிலீஷ் படிக்கிற பெண் நான் ஒருத்திதான் என்பதால் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. அது இன்னும் முழுதாக இறங்கவில்லை என்று என் பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள்.

புலாவ் செபாங் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு முடிவெட்டும் கடை இருந்தது. அந்தக் கடைக்கார அண்ணன் மெட்ராசிலிருந்து வந்த பழைய துப்பறியும் நாவல்களைக் கட்டுக்கட்டாக வைத்திருப்பார். கேட்டால் படிக்கக் கொடுப்பார். ஒரே ஒரு தொல்லை. சவரக் கத்தியில் ஒட்டிய நுரையைத் துடைக்க அவருக்குத் தினமும் காகிதம் வேண்டும், அதைப் புத்தகத்தின் கடைசியிலிருந்துதான் கிழிப்பார். "முன்னாடி கிழிச்சா கதை புரியாதுல்ல" என்று எனக்கே விளக்கம் சொல்வார். அதனால் நான் படித்த எந்தக் கொலையிலும் கொலைகாரன் பிடிபட்டதில்லை. துப்பறிகிறவன் கதவைத் திறப்பான், அவ்வளவுதான், பின் அட்டை வந்துவிடும். மிச்சத்தை நானே கண்டுபிடித்தாக வேண்டும். யார் எப்போது எங்கே இருந்தான், யார் பொய் சொல்கிறான், யார் எதை மறைக்கிறான் என்று விரல் விட்டுப் பார்த்து முடிவு கட்டுவேன். பிறகு பௌதிகத்தில் நான் செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான்.

அந்த நாவல்களைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் டார்ச் வைத்துப் படிப்பேன். "பேட்டரி என்ன மரத்துலயா காய்க்குது" என்று அம்மா கத்துவாள். டார்ச்சைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வது என் பழக்கம். ஒருநாள் அப்படியே தலையைத் தூக்கினபோது மூலையில் இரண்டு பச்சைப் புள்ளி பளீரென்று எரிந்தது. எங்கள் பூனை. டார்ச்சைக் கையில் எடுத்துத் தள்ளிப் பிடித்தேன், மங்கிவிட்டது. அம்மாவிடம் டார்ச்சைக் கொடுத்து அவளை அந்தப் பக்கம் நிற்க வைத்து இந்தப் பக்கமிருந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "எனக்கு மினுக்குன்னு தெரியுதே" என்றாள். பூனைக் கண்ணுக்குப் பின்னால் ஒரு படலம் இருக்கிறது, வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, விளக்கும் நம் கண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அது நமக்கு வந்து சேரும் என்பதெல்லாம் பிறகு படித்தது. அப்போது தெரிந்தது டார்ச்சை எங்கே பிடிக்க வேண்டும் என்பது மட்டும்.

அது சாம்பல் நிறப் பெட்டை, இந்த ஊர்ப் பூனைகளுக்கு இருக்கிற மடங்கின வால். என் பூனை என்றுதான் சொல்வேன். அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. கருவாட்டுச் சட்டியில் வாய் வைக்கும், பாயில் படுத்து மயிர் உதிர்க்கும். "சனியனே, போ அந்தாண்ட" என்று விறகுக் கட்டையை எடுத்து வீசுவார். வீசுகிறவர் குறி பார்த்துத்தான் வீசுவார், சும்மா மிரட்டலுக்கு இல்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இது தெரியும்.

அப்போதுதான் கம்பி வேலி வந்தது. தோட்டத்தில் அங்கங்கே கிடந்த லயங்களைக் காலி செய்து, எல்லோரையும் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கொண்டுவந்து போட்டு, சுற்றி முள்கம்பி அடித்தார்கள். காட்டில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாதாம். எங்கள் பழைய லயம் காட்டு ஓரமாக, ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. சட்டி முட்டி, பாய் படுக்கை, சாமிப் படம் எல்லாம் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பூனையைக் கோணிச் சாக்கில் போட்டு நானே தூக்கி வந்தேன். மறுநாள் காலையில் காணோம். பழைய லயத்துக்கே ஓடிவிட்டது. இன்னொரு தடவை கொண்டுவந்தோம், இன்னொரு தடவையும் ஓடியது. பூனைக்கு மனிதரைவிட இடம் பெரிது. பிறகு வேலியைத் தாண்டி நினைத்த நேரத்துக்குப் போக முடியாமல் போய்விட்டது. நான் பல நாள் அழுதேன். "ஒழிஞ்சுதுன்னு இருக்காம என்ன ஒப்பாரி" என்று அப்பா திட்டினார்.

வேலியில் ஒரு கேட். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கேட்டில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஒரு பிடி சோறு, ஒரு துண்டு கருவாடு, எதுவும் வெளியே போகக் கூடாது. பசியோடு வெட்டிவிட்டு மத்தியானம் திரும்பி வந்துதான் சாப்பிட வேண்டும். ஆண்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் தடவிப் பார்ப்பார்கள், பெண்களுக்குத் தனியாக ஒரு அம்மா. பால்வாளியைக் கவிழ்க்கச் சொல்வார்கள், தலைத்துண்டை உதறச் சொல்வார்கள். ஒட்டுப்பால் பையை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற பாலைச் சுரண்டிப் போடுகிற பை அது. பிண நாற்றம் நாறும். கான்ஸ்டபிள்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போ போ என்று கையாட்டிவிடுவார்கள்.

எனக்குப் பள்ளி லீவு. ஒருநாள் காலையில் அம்மா கேட்டிலிருந்து திரும்பி ஓடி வந்தாள். வேலைக்குப் போனவள் வேலைக்குப் போகாமல் வந்து நின்று சொன்னாள். புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் ஒருவன் எல்லார் ஒட்டுப்பால் பையையும் தரையில் கொட்டச் சொல்லியிருக்கிறான். அப்பாவுடைய பையிலிருந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்று விழுந்திருக்கிறது. உள்ளே ஒரு பிடி சோறும் நெத்திலித் தலைகளும்.

"யாருக்குடி கொண்டு போனாரு?" என்றாள் அம்மா. என்னைத்தான் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஆபீசிலிருந்து எனக்கு ஆள் வந்தது. ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி மலாக்காவுக்குப் போயிருந்தார். போலீஸ் துரை வெள்ளைக்காரர், அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இல்லை. இங்கிலீஷ் படிக்கிற பெண்ணைக் கூப்பிடு என்றிருக்கிறார். அது அந்த ஆளுடைய மகள் என்று அவரிடம் சொன்னார்களா, சொல்லியும் அவர் பரவாயில்லை என்றாரா, எனக்குத் தெரியாது.

அப்பா ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். கையில் விலங்கு. மேசைமேல் அந்த இலைப் பொட்டலம் பிரித்து வைத்திருந்தது. துரைக்கு வயது அதிகமில்லை, வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"யாருக்கு என்று கேள்."

கேட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பூனைக்கு."

எதைச் சொன்னாலும் சொல்லியிருக்கலாம். பசிக்கு நானே தின்னக் கொண்டுபோனேன் என்றிருக்கலாம். பூனைக்கா? இந்த மனுஷனா? துரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய லயத்துல, நான் பால் வெட்டுற மர வரிசைக்குப் பக்கத்துல, தினம் கொஞ்சம் வைப்பேன் என்று அப்பா முணுமுணுத்தார். நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நாளைக்கு முன்னால் அந்தப் பழைய லயத்தில் அடுப்பு மூட்டின சாம்பலை அவருடைய ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். யாரோ அங்கே தங்கிச் சமைத்திருக்கிறார்கள். "உன் அப்பா பூனை வளர்க்கிறவரா? வீட்டில் அதற்குச் சோறு வைப்பாரா?" என்று என்னிடமே கேட்டார்.

அப்பா நிமிர்ந்தார். "துரை என்ன கேக்குறாரு?"

சொன்னேன்.

"உள்ளதச் சொல்லு. அவன் அப்புறம் லயத்துல நாலு பேரக் கேப்பான். மாத்திச் சொன்னா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்."

உள்ளதைச் சொன்னேன். என் அப்பாவுக்குப் பூனைகளைப் பிடிக்காது, கட்டையால் அடிப்பார் என்று சொன்னேன். துரை அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, சாயங்காலம் ரோந்து அந்தப் பக்கம்தான் போகிறது, இந்த ஆளையும் கூட்டிப் போகிறேன், நீயும் வா, பூனையைக் காட்டட்டும் என்றார். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அது தோட்டத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். விசாரணை எதுவும் இல்லாமல் உள்ளே வைக்கலாம். அப்பா இந்தியாவில் பிறந்தவர், இந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது. அப்படிப்பட்டவர்களைக் கப்பலேற்றிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். பெண்டாட்டி பிள்ளை இங்கே, அவர் அங்கே.

அன்று பகல் முழுக்க எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. உப்புக் கேட்டு வருகிற பக்கத்து வீட்டு அக்காகூடக் கதவைச் சாத்திக்கொண்டார். குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் பயம். அம்மா அடுப்பு மூட்டவில்லை. "பூனைக்கு விறகுக் கட்டைதான் குடுப்பாரு, நெத்திலியா குடுப்பாரு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒளித்துச் சோறு கொண்டு போகிறவன். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதவன். காட்டு ஓரத்தில் காலியான லயத்துக்குத் தினமும் போகிறவன். அங்கே அடுப்புச் சாம்பல். கேட்டால் நம்ப முடியாத ஒரு பதில். நான் படித்த எந்த நாவலாக இருந்தாலும் இவன்தான் ஆள் என்று நடுப் பக்கத்திலேயே சொல்லியிருப்பேன். இப்போது அந்த ஆள் என் அப்பா.

சாயங்காலம் கிளம்பினோம். முன்னால் கான்ஸ்டபிள்கள், நடுவில் அப்பா, துரை, நான், பின்னாலும் துப்பாக்கிகள். கித்தா என்கிற ரப்பர் மரத்துக்குக் கீழே சீக்கிரம் இருட்டிவிடும். வெளியே வெயில் மிச்சமிருந்தாலும் உள்ளே ஆள் முகம் தெரியாது. காய் வெடிக்கிற சத்தம் கேட்டால்கூட கான்ஸ்டபிள்கள் திடுக்கென்று திரும்பினார்கள். அவர்களும் பயந்துபோய்த்தான் இருந்தார்கள், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பழைய லயத்தில் கூரைத் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். பலகைகள் சரிந்து கிடந்தன. நான் பிறந்த வீடு எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. துரை தலையை அசைத்தார். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் கொடுத்தார். அந்தச் சத்தத்தை அவரிடம் நான் கேட்டதே இல்லை. ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை கொடுத்தார். இத்தனை பூட்சுக்கால் வந்து நிற்கிற இடத்துக்கு எந்தப் பூனை வரும்? துரை இடுப்பளவில் டார்ச்சைப் பிடித்து அங்கங்கே அடித்துப் பார்த்தார். பலகை, புல், உடைந்த அம்மி. அவ்வளவுதான்.

"போதும்" என்றார் துரை. எனக்கு அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் சொல்ல வரவில்லை. சொல்லாமலே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"இங்கதான் இருக்கு. என்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கெஞ்சவில்லை, சாதாரணமாகச் சொன்னார்.

"சார், டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள்" என்றேன். துரைக்குப் புரியவில்லை. நெற்றிப் பொட்டில் வைத்துக் காட்டினேன். "இங்கே. வெளிச்சம் போகிற வழியிலேயே பாருங்கள்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கிறீச்சென்று வந்தது. என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் டார்ச்சைத் தூக்கிக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து மெல்லத் திரும்பினார். சரிந்த பலகைகளுக்குக் கீழே இருட்டில் வெளிச்சம் போனபோது அவர் கை அப்படியே நின்றது.

அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த கான்ஸ்டபிளுக்குத் தெரிந்திருக்கிறது. இருட்டுக்குள் இரண்டு கண் என்றதும் அவன் என்ன நினைத்தானோ, துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். லாக் இழுபட்ட சத்தம் கேட்டது.

அப்பா எழுந்து குறுக்கே போய் நின்றார். விலங்கு போட்ட கையை முன்னால் நீட்டிக்கொண்டு, துப்பாக்கிக்கும் அந்தப் பலகைகளுக்கும் நடுவில் நின்றார். ஓடவில்லை, கத்தவில்லை. "சுடாத தம்பி, பூனை" என்றார். அந்தக் கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாது. நான் மலாயில் கத்தியிருக்க வேண்டும், இங்கிலீஷில் கத்தியிருக்க வேண்டும், என் வாயிலிருந்து மூன்று மொழியிலும் ஒன்றும் வரவில்லை. துரை கையை நீட்டித் துப்பாக்கி முனையைத் தரைப் பக்கம் அழுத்தினார்.

துரை எல்லோரையும் பின்னால் போகச் சொல்லி டார்ச்சையும் அணைத்தார். அப்பா மறுபடி உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கொடுத்தார். பூனை வந்தது. எலும்பும் தோலுமாக இருக்கும் என்று நினைத்தேன், நல்ல சதைப்பிடிப்போடு இருந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அப்பாவிடம் போய் விலங்கை முகர்ந்தது, அவர் முழங்காலில் தலையைத் தேய்த்தது. அவர் கையை விரித்துக் காட்டினார், கொடுக்க ஒன்றுமில்லை.

துரை விலங்கைக் கழற்றச் சொன்னார். இந்த லயத்தை நாளைக்குக் கொளுத்தப் போகிறோம், பூனையை உள்ளே கொண்டு போ, இனி ஒரு பருக்கை சோறு கேட்டைத் தாண்டினால் நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்றார். தமிழில் சொன்னேன். அப்பா சரிங்க துரை என்றார். அந்தச் சாம்பல் யாருடையது என்று அவர் அப்பாவைக் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை, இன்றைக்கு வரை எனக்கும் தெரியாது.

கேட்டில் பூனையையும் சோதனை போட்டார்கள். நம்ப மாட்டீர்கள், லயத்தில் கிடந்த பழைய ஒட்டுப்பால் பையில் அதைப் போட்டுக் கொண்டுவந்தோம், அந்தப் பைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

வீட்டில் அம்மா ஒன்றும் கேட்காமல் அடுப்பு மூட்டினாள். நான் கட்டில் காலில் பூனையைக் கயிறு போட்டுக் கட்டினேன். அது கத்திக்கொண்டே இருந்தது. அப்பா கை கால் கழுவிக்கொண்டு வந்து, அதைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார். "சனியன், வாய மூடுதா பாரு" என்றார். மணிக்கட்டில் விலங்கு பட்ட இடம் தடித்திருந்தது. அம்மா தட்டை வைத்துவிட்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

"ஏங்க, என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா விட்டிருப்பியா?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்பா, உங்களுக்குப் பூனை ஆகாதுன்னு துரைகிட்ட நான் சொல்லிட்டேன்ப்பா" என்றேன்.

"ஆகாதுதான். நீ சரியாத்தான் சொன்ன. இப்பவும் எனக்கு அதைக் கண்டா பத்திக்கிட்டு வருது."

"அப்புறம் எதுக்குங்க?" என்றாள் அம்மா.

அப்பா சோற்றைப் பிசைந்தார். "அது செத்துத் தொலைஞ்சா இந்தப் புள்ள மூஞ்சிய யாரு பாக்குறது?" என்றார் அம்மாவிடம், நான் அங்கே நிற்காதது மாதிரி.